ஜன்னல் இல்லாத அறையாகப் பார்த்துக் கேள்

அக்கா,

ஊர் திரும்பிப் பையைக் கவிழ்த்துக் கொட்டியபோது, அழுக்குத் துணிகளுக்கு நடுவிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் விழுந்தது. பிரிக்காமலே தெரிந்துவிட்டது, இஞ்சி மரப்பா. கப்பலுக்கென்று வாங்கியதில் மிச்சம். அறை முழுக்க இஞ்சியும் சர்க்கரையுமாக வாசனை. அந்த வாசனை என்றால் எனக்கு நீதான். நீ என்றால் இப்போதெல்லாம் முதலில் எரிச்சல்தான் வருகிறது. இறந்துபோனவர்கள் மேல் வருத்தம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று மாதா கோயில் பங்குச் சாமியார்கூடச் சொல்லிவிட்டார். அவர் சொல்லுவார். அவரையா ஊரில் விட்டுவிட்டு நீ கப்பல் ஏறினாய்?

பஸ் ஏறினால் எனக்கு வாந்தி வரும் என்பது நம் தெருவுக்கே தெரிந்த சங்கதி. பக்கத்திலிருக்கிற சிங்கவரம் போய் வருவதற்குள்ளேயே முகம் வெளுத்துவிடும். திண்டிவனம் என்றால் கேட்கவே வேண்டாம். நான் கல்யாணமாகி நம் தெருவுக்கு வந்த புதிதில், அன்பியத்துப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து திண்டிவனத்துக்கு ஒரு சாவு வீட்டுக்குப் போனோம். தெருவிலுள்ள கோயில் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு மாறி மாறிக் கூடி ஜெபிப்போமே, அந்தக் கூட்டத்தில்தான் அதுவரை உன்னைப் பார்த்திருந்தேன், பேசியதில்லை. பஸ் ஊர் எல்லையைத் தாண்டியதும் எனக்கு வயிறு புரட்டிவிட்டது. ஜன்னலோரத்தில் இருந்தவளை நீ எழுப்பிவிட்டு என்னை உட்கார வைத்தாய். ஒரு கையை என் நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டாய், மறு கையால் என் பின்னலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாய்.

"எடுத்துடு அமலி. அடக்கினா தலைதான் சுத்தும்."

பின் சீட்டில் யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டு முணுமுணுத்தார்கள். நீ திரும்பி, "ஏம்மா, உங்க ஊட்டுல யாரும் வாந்தியே எடுத்ததில்லையா?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு திண்டிவனம் வரை அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அன்றிலிருந்து நீ எனக்கு அக்கா. நாம் சேர்ந்து பஸ் ஏறிய போதெல்லாம் உன் கை என் நெற்றிக்குத் தானாக வந்துவிடும்.

கப்பல் பேச்சு உன் வீட்டு அன்பியத்தில்தான் ஆரம்பித்தது. ஜெபம் முடிந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உன் அண்ணன் சென்னையிலிருந்து போன் செய்து, குடும்பம் குடும்பமாகக் கப்பலில் ஏறிக் கடலைச் சுற்றிவிட்டு வருகிறார்கள் என்று சொல்லியிருந்தார். "நம்ம ரெண்டு குடும்பமும் போலாமாடி?" என்று கேட்டாய். எங்கள் வீட்டுக்காரர் விடுவாரா? "தரையில போற பஸ்ஸுக்கே இவளுக்கு கவர் எடுத்துக்கினு போறோம். தண்ணியில போனா டிரம்மு எடுத்துக்கினு போணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். நீ மட்டும் சிரிக்கவில்லை. "நான் இருக்கிறன் இல்ல, நான் பாத்துக்கறன்" என்றாய்.

எனக்கு அது எவ்வளவு பெரிய ஆசை என்று உனக்குத் தெரியும். அனந்தபுரத்தில் பிறந்து செஞ்சியில் வாழ்க்கைப்பட்டவள். மாடிக்குத் துணி உலர்த்தப் போனாலும் ராஜகிரிக் கோட்டை மலை வந்து கண்ணை மறிக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில் ஒரு தடவை நின்று பார்க்க வேண்டும் என்று உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். வீட்டில் சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

அந்த மே மாதம் போவதாக இருந்தோம். டிக்கெட்டை உன் அண்ணனே போடுவதாகப் பேச்சு. பிள்ளைகளுக்கு நீச்சல் உடைகூட வாங்கிவிட்டேன். நீ ஒருநாள் வாசலில் நின்றபடியே, "புயலாம்டி. கப்பல் உடலையாம்" என்றாய். செஞ்சியில் வெயில் பாறையைப் பொரித்துக்கொண்டிருந்தது. கடல் எங்கேயோ இருக்கிறது, எனக்கென்ன தெரியும்? சரி என்று நீச்சல் உடைகளை மடித்து வைத்துவிட்டேன். அடுத்த வாரம் நீங்கள் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குக் கிளம்பினீர்கள். புயல் என்றாயே, வேளாங்கண்ணி மட்டும் மலை மேலா இருக்கிறது? அதுகூட எனக்கு உறைக்கவில்லை. "எனக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்துக்கா" என்று வாசலில் நின்று கையசைத்தேன்.

அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள் நான். பொட்டுக்கடலை டப்பாவில் கை விட்டது யார் என்று பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். உன் முகத்தைப் படிக்க எனக்குத் தெரியாமல் போனது. திரும்பி வந்தபோது எல்லாரும் கறுத்திருந்தார்கள், நீ மட்டும் இளைத்திருந்தாய். உன் சின்னவனுக்கு மொட்டை போட நேர்ந்திருந்தீர்கள். தலை நிறைய முடியோடு வந்து இறங்கினான்.

"இன்னாக்கா, மொட்டை அடிக்கலையா?"

"கூட்டம்டி. அடுத்த வருஷம் வரோம்னு மாதாகிட்ட சொல்லிட்டு வந்துட்டோம்."

சொல்லிவிட்டு மாதா கோயில் எண்ணெய் என்று ஒரு சின்ன பாட்டிலை என் கையில் வைத்தாய். அதை நான் வருஷக்கணக்காக வைத்திருந்தேன், அக்கா. பஸ் ஏறும் முன்னால் ஒரு சொட்டு நெற்றியில் தடவிக்கொள்வேன். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தாலும் அதுதான். சென்னையிலேயே கடற்கரைப் பக்கம் மாதா கோயில் இருக்கிறது, அங்கே வாங்கியிருப்பாய். எண்ணெயில் குறை ஒன்றுமில்லை. ஆனால் என்னிடம் பொய் சொல்ல மாதாவையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டாயே, அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் நீ கப்பலைப் பற்றி நிறையப் பேச ஆரம்பித்தாய். அங்கன்வாடி முடிந்து வரும்போது கூப்பிட்டு உட்கார வைத்து, பாடம் எடுப்பதுபோலச் சொல்வாய். "நாம போறப்போ அன்னிக்கே செஞ்சியில பஸ் ஏறி ஹார்பருக்குப் போயிடலாம்னு நெனைக்காத. பஸ்ல பொரட்டின வயித்தோட கப்பல் ஏறக்கூடாது. முந்தின நாளே மெட்ராஸ்ல போய்த் தங்கணும்." ஐப்பசி, கார்த்திகையில் போகவே கூடாது, தை பிறந்த பிறகு கடல் அடங்கியிருக்கும் என்பாய். முதல் தடவைக்கு நீண்ட பயணம் வேண்டாம், சனி ஞாயிறோடு முடிகிறதாகப் போதும் என்பாய். பெரிய பெட்டியை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், அது அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகும், அதனால் மாற்றுத்துணியும் மாத்திரையும் கைப்பையில் இருக்க வேண்டும் என்பாய். "மாத்திரைய டாக்டர கேட்டுக்கினு, கப்பல் கெளம்பறதுக்கு முன்னாலயே போடணும். வாந்தி வந்தப்புறம் போட்டா அதுவும் சேந்து வெளிய வந்துடும்."

அறையைப் பற்றித்தான் அதிகம் சொல்வாய். "ஜன்னல் ரூமுன்னு ஆசைப்படாத. கீழ்த்தளத்துல, நடுவுல, ஜன்னல் இல்லாத ரூமாப் பாத்துக் கேளு. அங்கதான் ஆட்டம் கம்மி." வெறும் வயிற்றோடு இருக்காதே, புளிப்பு ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் பக்கத்தில் வைத்துக்கொள். ஏசி எலும்பு வரை குத்தும், ஒரு போர்வை எடுத்துக்கொள். இஞ்சி மரப்பாவை மறந்துவிடாதே.

"எப்படிக்கா இவ்ளோ தெரியும்?"

"எல்லாம் போன்லதான்டி பாத்தேன்."

நானும் நம்பினேன். எங்களுக்காக உட்கார்ந்து பார்த்திருக்கிறாளே என்று நெகிழ்ந்துகூடப் போனேன்.

காய்ச்சல் கண்ட மூன்றாம் நாளே நீ போய்ச் சேர்ந்தாய். உன்னைக் கல்லறைக்குக் கொண்டு போனபோது நான் அழுத அழுகையில், கூடப்பிறந்தவளோ என்று வெளியூர்க்காரர்கள் கேட்டார்களாம்.

போன வருஷம் உன் முதலாண்டுப் பூசை முடிந்து உன் வீட்டில் சாப்பாடு. நாங்கள் ஒருவழியாகக் கப்பலுக்கு டிக்கெட் போட்டிருந்தோம். உனக்காகத்தான் போட்டேன், நீ ஆசைப்பட்டு நடக்காமல் போனதை நானாவது முடிக்க வேண்டும் என்று. அதை உன் அண்ணியிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் இலையிலிருந்து முகம் நிமிர்த்தி, "அப்படியா, நல்லா இருக்கும்மா! நாங்க இவங்களோட போனப்போ பசங்க அந்தத் தண்ணிச் சறுக்குலயே கிடந்தாங்க. வெளியவே வரல" என்றார்.

சாம்பார் வாளியோடு வந்த உன் வீட்டுக்காரர் அப்படியே நின்றார். உன் பெரியவள் ஓடிவந்து அத்தையின் தோளைத் தொட்டாள். அந்த மே மாதமா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. உன் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. மொட்டை போடாமல் வந்த அந்தச் சின்னப் பிள்ளைகூட இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை. எத்தனை தடவை சொல்லி வைத்திருப்பாய், சித்தியிடம் சொல்லிவிடாதே என்று! நான் இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

டிக்கெட்டைத் திருப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். எங்கள் வீட்டுக்காரர்தான், "அவங்க போனா போயிட்டுப் போறாங்க. நீ ஏன் போவாம இருக்கணும்?" என்றார். அவர் பேச்சில் நியாயம் இருப்பது அபூர்வம், அதனால் கேட்டுக்கொண்டேன்.

தை கடைசியில் போனோம். நீ சொன்னதில் ஒன்றைக்கூட விடவில்லை, கோபத்தோடே செய்தேன். முந்தின நாளே சென்னையில் தங்கினோம். கைப்பையில் மாற்றுத்துணி இருந்தது. பெட்டி நீ சொன்னபடியே சாயங்காலம்தான் வந்தது. மிதவைச் சட்டையை மாட்டிக் காட்டி, விசில் ஊதி எல்லாரையும் வரிசையில் நிறுத்தியபோது பிள்ளைகள் பயப்படவில்லை, அதையும் நீ முன்பே சொல்லியிருந்தாய். கீழ்த்தளம், நடு அறை, ஜன்னல் கிடையாது. கட்டிலில் படுத்தால் தலைக்கு மேலே ஏசி காற்று வருகிற சின்னச் சின்ன ஓட்டைகள். அவற்றைப் பற்றியும் ஒருதரம் சொல்லியிருக்கிறாய். ஒவ்வொன்றும் நீ சொன்னபடியே இருக்க இருக்க எனக்கு வயிறு எரிந்தது. எரிந்ததே தவிரப் புரட்டவில்லை. சிங்கவரம் பஸ்ஸில் கவிழ்ந்து படுக்கிறவள், கடலில் ஒருவேளைச் சாப்பாட்டைக்கூட விடவில்லை. எங்கள் வீட்டுக்காரருக்கே தாங்கவில்லை, "உனக்கு பஸ்தான் எதிரி" என்றார்.

மறுநாள் மேல்தளத்துக்குப் போனேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுமே இல்லை, அக்கா. மலை இல்லை, மரம் இல்லை, தண்ணீரும் வானமும்தான். சூரியன் இறங்கும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அழுதேன். அப்போதுதான் தோன்றியது, இதைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. அறையைச் சொன்னாய், ஏசியைச் சொன்னாய், ஆப்பிளைச் சொன்னாய். நான் ஆசைப்பட்டது இதற்குத்தான் என்று தெரிந்தும் இதை மட்டும் சொல்லவில்லை. நல்லதை நீயே வைத்துக்கொண்டு எனக்குப் பிஸ்கட்டைக் கொடுத்தாய் என்று, அந்தக் கடலுக்கு நடுவில் நின்று உன்னை வாய்விட்டே திட்டினேன். பக்கத்தில் நின்ற வடக்கத்திக்காரர் ஒருவர் நகர்ந்து போய்விட்டார்.

இன்றைக்குக் காலையில் உன் பெரியவள் வந்தாள். பூசைக்குப் பிறகு நான் அந்த வாசலை மிதிக்கவில்லை, அவள்தான் வந்தாள். தரையில் இறைந்து கிடந்த துணிகளைப் பார்த்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்து மடித்து வைக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "சித்தி, உங்களுக்கு வாந்தி வரலையா?" என்றாள்.

"வரலை. உங்க அம்மா சொன்ன மாதிரியே போனேன், வரலை" என்றேன். பிறகு அடக்க முடியவில்லை. "ஏண்டி என்னை உட்டுட்டுப் போனீங்க?"

அவள் தலை நிமிரவே இல்லை. "மாமா ரெண்டு குடும்பத்துக்கும் சேத்துதான் போடறேன்னாரு. அம்மாதான் வேணான்டுச்சி. அமலி வந்தா ஏறினதுலேர்ந்து வாந்தி எடுப்பா, அண்ணி மூஞ்சிய சுளிப்பாங்க, எனக்கு அசிங்கமாப் பூடும்னுச்சி."

பின் சீட்டுக்காரியை ஒரே வாயில் அடக்கியவள் நீ. உன் வாயிலிருந்தா இது வந்தது?

"ஆனா சித்தி, அம்மா ஒண்ணுமே பாக்கல" என்றாள். "ஏறினதுலேர்ந்து எறங்கற வரைக்கும் அம்மாவுக்குத்தான் வாந்தி. எங்களுக்கு ஜன்னல் ரூமு, மேல இருந்துது. நிக்காம ஆடிச்சி. அப்புறம் கப்பல்காரங்க பாவம் பாத்து கீழ, நடுவுல ஒரு ரூம் குடுத்தாங்க. அங்கயே மேல பாத்துக்கினு படுத்துக்கினு இருந்துச்சி. ஆப்பிளும் பிஸ்கட்டும் அவங்க குடுத்ததுதான்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. மறைக்கமாட்டேன், நன்றாகவே சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்த பிறகு கேட்டேன், "யாரு தலையப் புடிச்சிக்கினது?"

"யாரும் இல்ல சித்தி. அத்தை ஒரு வாட்டி வந்து மூக்கைப் பொத்திக்கினு போயிட்டாங்க. நைனா எங்களை மேல கூட்டிக்கினு போயிட்டாரு. அம்மா பாத்ரூம் கதவைச் சாத்திக்கிச்சி."

அவள் போன பிறகும் நான் மரப்பாப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துவிடாதே. ஆறவில்லை, முன்னைவிடக் கூடியிருக்கிறது. உன் அண்ணியின் மூஞ்சிக்குப் பயந்து என்னை விட்டுவிட்டுப் போனாய். போன இடத்தில் அதே மூஞ்சி உன்னைப் பார்த்துச் சுளித்திருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு நீ தனியாகக் குனிந்து நின்றிருக்கிறாய். என்னைக் கூட்டிப்போயிருந்தால் ஒரு கை உன் நெற்றியில் இருந்திருக்கும், இன்னொரு கை உன் முடியைத் தூக்கிப் பிடித்திருக்கும். எனக்கு அது உன்னிடம் கற்ற வேலை. அந்த இரண்டு கைகளும் அன்றைக்கு இங்கே செஞ்சியில் சும்மாதான் இருந்தன, அக்கா.