வெள்ளி ராவு பார்த்த புள்ளி

பாய்,

கரையான்சாவடிக் கடையைக் காலி செய்த உங்கள் மகன் நேற்று ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். பிரித்ததும் கண்ணாடி தேய்க்கிற சிவப்புப் பொடி விரலில் ஒட்டியது. பன்னிரண்டு வருஷமாகியும் போகவில்லை. உள்ளே, நம் மானத்தை வாங்கிய அந்த வரி உங்கள் கோணல் கையெழுத்தில்: "வெள்ளி ராவு. புள்ளி நவுந்துடுச்சு." பழைய எரிச்சல் அப்படியே வந்தது. போய்ச் சேர்ந்த மனுஷன்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். உங்கள்மேல் படாமல் வேறு யார்மேல் படுவேன்?

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்தவர் பேசாமல் மூக்குக்கண்ணாடி விற்றிருக்கலாம். தொலைநோக்கி செய்கிறேன் என்று ஆறு அங்குல ஆடியை நீங்களே தேய்த்தீர்கள். குழாயையும் தாங்கியையும் அம்பத்தூரில் லேத் ஓட்டிய என் தலையில் கட்டினீர்கள். அயனம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு ஞாயிறு ராத்திரி, நட்சத்திரப் படத்தில் இல்லாத ஒரு புள்ளியைக் காட்டினீர்கள். அது இடம் மாறினால் நட்சத்திரம் இல்லை, சூரியனைச் சுற்றும் சிறுகோள். மூன்று நாள் எங்கெங்கே இருந்தது என்று தெரிந்தால் பாதையைக் கணக்குப் போட்டுவிடலாம் என்றீர்கள். அந்த வாரம் எனக்கு இரண்டாம் ஷிஃப்ட். நடுவில் ஒரு நாள் நீங்கள் மட்டும் போய்ப் பார்த்து, நோட்டில் புள்ளியின் இடத்தை வரைந்து, அந்த வரியை எழுதினீர்கள். அடுத்த ஞாயிறு மறுபடி சேர்ந்து பார்த்தோம். நோட்டைப் பார்த்து, வெள்ளிக்கிழமைத் தேதியைப் போட்டு, வானாய்வு நிலையத்துக்குக் கடிதம் எழுதியது நான்.

மூன்று இடமும் ஒரே பாதையில் அமையவில்லை, வெவ்வேறு நட்சத்திரங்களைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள் என்று பதில் வந்தது. ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுகிறவருக்கே கண் சரியில்லையா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. நீங்கள் குழாயைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டீர்கள். ஆறு மாசம் பேச்சில்லை.

பிறகு நீங்களே சேக்காட்டில் என் வீட்டுக்கு வந்து, சைக்கிளை விட்டு இறங்காமலே, "பொண்ணுக்கு நிக்காஹ். வெள்ளி ராவு ஊட்ல சாப்பாடு, வந்துரு நைனா" என்றீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுச்சட்டை போட்டு, எவர்சில்வர் குடத்தோடு வந்து நின்றேன். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து பூரா வாசலையே பாத்துகினு இருந்தேன்" என்றீர்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

வெள்ளி என்றுதானே சொன்னீர்கள் என்று நான் கத்த, உங்கள் வீட்டம்மாதான் விளக்கினார். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை நேரம் ஆனதுமே உங்களுக்கு அடுத்த நாள் பிறந்துவிடுமாம். எங்களுக்கு வியாழன் ராத்திரி, உங்களுக்கு வெள்ளி ராவு. இத்தனை வருஷம் கூடவே திரிந்தும் இதை நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். குடத்தை அங்கேயே வைத்துவிட்டு நோட்டைத் தேடி ஓடினோம்.

நடுத்தேதியில் ஒரு நாளைக் குறைத்து மறுபடி எழுதினோம். இந்த முறை பாதை கச்சிதமாக அமைந்தது. செவ்வாய் கிரகத்துக்கு அப்பால், நாலரை வருஷத்துக்கு ஒரு தரம் சூரியனைச் சுற்றி வரும் சிறுகோள். ஆனால் நூறு வருஷத்துக்கு முன்பே எவரோ கண்டுபிடித்துப் பெயரும் வைத்துவிட்டாராம். எனக்கு வயிறு எரிந்தது. நீங்களோ அந்தக் கடிதத்தைக் கடை அலமாரியில் எல்லாரும் பார்க்க ஒட்டிவிட்டு, "என் கண்ணு பொய் சொல்லல. அது போதும்" என்றீர்கள். அப்போதாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன்.

அந்தப் புள்ளி இதற்குள் இரண்டு சுற்று முடித்து மூன்றாவதில் இருக்கும். நேற்று நோட்டைக் கொடுத்துவிட்டுப் போகும்போது உங்கள் மகன், "வெள்ளி ராவு வாப்பாவுக்கு வருஷ பாத்திஹா ஓதுறோம், வந்துருங்க" என்றான்.

இன்று வியாழன். சாயங்காலத் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்கு முன்பே வந்து, உங்கள் வீட்டு வாசலில் முதல் ஆளாக உட்கார்ந்து, மடியில் வைத்து இதை எழுதுகிறேன். இந்தத் தரம் நாளைத் தவறவிடவில்லை, பாய். வாசலைப் பார்த்துகினு இருக்க நீங்கள்தான் இல்லை.