வெளியில் விட்ட சப்பாத்து

28 ஜனவரி, வெள்ளவத்தை
நாளைக்குப் பயணம். நோர்வேயின் வடகோடியில் ஒரு சின்ன ஊர். நாய் வண்டி, பனிக்காட்டுக் குடிசை. இரண்டு பேருக்குப் பதிந்தது. இந்த மாதம் கல்யாணம் முடித்த கையோடு போவதாக இருந்தோம். ஐறீன் கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளச் சொல்லிவிட்டாள். அவள் அம்மாவுக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டன, கிழமைக்கு இரண்டு நாள் டயாலிசிஸ்.
"அம்மாவ இப்பிடி விட்டிட்டு நான் எப்பிடி?"
"ஒரு வருஷமெல்லாம் என்னால பொறுக்க ஏலாது."
"அப்ப தனியப் போ."
போகிறேன்.

3 பெப்ரவரி
மைனஸ் இருபத்தாறு. மீன் கம்பனிகளுக்குக் குளிர் அறை அமைத்துக் கொடுக்கிற எனக்கு இந்த எண் புதிதில்லை. ஆனால் அங்கே கதவைத் திறந்தால் எங்கள் பேலியகொடை வெயில். இங்கே கதவைத் திறந்தால் இன்னும் குளிர்.
ஒரு கடை, ஒரு பெற்றோல் செட், ஒரு சேர்ச். பின்னேரம் முழுக்க நடந்தேன். மூன்று பேரைக் கண்டேன். ஒருத்தர்கூட எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.

5 பெப்ரவரி
நாய் வண்டியில் குடிசைக்கு வந்தோம். மூன்று சோடிகள், பிறகு நான். மற்ற வண்டிகளில் ஒருவர் ஓட்ட ஒருவர் இருந்தார். என் வண்டியில் பாரத்துக்கு நாய்த் தீன் மூட்டை.
சிக்னல் இல்லை.

6 பெப்ரவரி
மடையன் நான். நேற்றுக் குடிசைக்குள் வரும்போது சப்பாத்தைக் கழற்றி வாசலுக்கு வெளியே விட்டேன். பிறந்ததிலிருந்து அப்படித்தானே! மற்றவர்கள் உள்ளே கழற்றிக் காயப் போட்டிருக்கிறார்கள். காலையில் பார்த்தால் இரண்டும் கல். வியர்வை உறைந்து, கால் நுழையவில்லை. குளிரூட்டலைப் படித்துப் பட்டம் வாங்கியவன்.
வழிகாட்டி ஹில்டே ஒன்றை எடுத்துத் தட்டினாள். டொக் டொக்.
"உங்கள் ஊரில் வெளியில்தான் விடுவீர்களா? களவு போகாதா?"
"கோயில் வாசலில் மட்டும் போகும்."
சிரித்தாள். ஆனால் காத்திருக்கவில்லை. வெளிச்சம் ஐந்து மணித்தியாலம்தான். ஏரிக்குப் போய் வரவேண்டும். மெல்லத்தான் இளகும், நெருப்பில் காட்டாதே, வெளியே போகாதே என்றாள். நாய்ச் சத்தமும் தேய்ந்து போனது.

11.00 – கல்.
12.20 – நுனி இளகியிருக்கிறது. காலை விட்டு இழுத்தேன். தையல் விட்டது. விசரன்.
1.45 – செய்ய ஒன்றுமில்லை. பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. ஐறீனும் இப்படித்தானா, அம்மாவின் டயாலிசிஸ் மெஷினுக்குப் பக்கத்தில்? கதிரையாவது குடுப்பாங்களா? தெரியாது. நான் ஒரு நாளும் போனதில்லையே.

8 பெப்ரவரி
குடிசையிலிருந்து அந்தச் சின்ன ஊருக்குத் திரும்பினோம். சிக்னல் வந்ததும் ஐறீனுக்கு அனுப்பினேன்: "ஒரு வருஷம் பொறுக்கிறன். அதுக்கு மேல எண்டாலும்." பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

9 பெப்ரவரி
இல்லை.

18 மார்ச், கொழும்பு
நேற்று ஐறீனின் மெசேஜ்: "எனக்கு லீவு முடிஞ்சுது. நாளைக்கு அம்மாவோட இருக்க ஆளில்ல." அவ்வளவுதான். இன்று பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன்.
கதிரை இல்லை. ஸ்டூல்.
ஐறீனின் அம்மா, ஜீவராணி அன்ரி, போர்வைக்குள் இருந்து, "தம்பி, நீங்க ஏசிக்காரர்தானே, இதக் கொஞ்சம் குறையுங்கோவன். மீனெண்டு நினைச்சிட்டாங்களோ?" என்றார். தாதியிடம் சிங்களத்தில் கெஞ்சி வெப்பத்தை இரண்டு பாகை கூட்டினேன். அதற்குள் அன்ரி நித்திரை. நாலு மணித்தியாலம் குழாயில் இரத்தம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மூன்று மணிக்கு ஐறீன் வேலை முடிந்து கொட்டாஞ்சேனை பஸ்ஸிலிருந்து ஓடி வந்தாள். தாயின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கல்யாணப் பேச்சை அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.
"வெள்ளிக்கிழமை உனக்கு ஏலுமா?" என்றாள்.
ஓம் என்றேன்.