ஒரே மிதியில் கிளம்பிய வண்டி

அண்ணனுக்கு,

நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. சோறு பானையில் இருக்கிறது, புளிக்குழம்பு உறியில். உன் கணுக்காலுக்கு எண்ணெய் காய்ச்சிக் கட்டிலடியில் வைத்திருக்கிறேன்.

மதினியைக் கடையத்துக்கு, அவள் அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன். நீ ஸ்பானரால் அடித்ததில் அவளால் இடக்கையைத் தூக்க முடியவில்லை. போகிற வழியில் ஆஸ்பத்திரியில் காட்டுவேன். உன்னைத் தடுக்கத்தான் உன் கையை ரத்தம் வரக் கடித்தேன். அதற்கு வருத்தமில்லை.

ஐந்தருவிக்கு மேலே நம் தோட்டத்து மண்பாதைக்கு இலேசான மோட்டார் சைக்கிளே போதும் என்று வண்டி விற்ற கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். நீதான் சத்தம் பெரிது என்று இந்தக் கனத்த வண்டியை வாங்கினாய். கிக்கர் உன்னைத் திருப்பி உதைத்த நாளெல்லாம் நீ வீட்டுக்குள் வந்து மதினியை உதைத்தாய்.

நேற்று கூட்டாளிகள் முன்னால் அது உன் கணுக்காலையே பெயர்த்துவிட்டது. மெக்கானிக் செய்வதைப் பார்த்து வைத்திருந்த மதினி, உனக்கு உதவத்தான், ஒரே மிதியில் கிளப்பினாள்.

"ஏலே, வண்டிய மதினிகிட்ட குடுத்துட்டு நீ பின்னால உக்காருலே" என்று சிரித்தது உன் கூட்டாளி கோமதிநாயகம்தான். அவனை விட்டுவிட்டு அவளை அடித்தாய்.

எங்கள் பின்னால் வராதே. அவள் அண்ணன்மார் அந்தக் கையைப் பார்த்தபிறகு உன்னை உயிரோடு விடமாட்டார்கள்.

வடிவு

பி.கு: வண்டியை எப்படி மிதிக்க வேண்டும் என்று உனக்கு எழுதி வைக்கச் சொல்லி மதினி வாசலில் நிற்கிறாள். "பாவம்ட்டி, இன்னொரு காலும் போயிரும்" என்கிறாள். எழுதிவிட்டேன் என்று அவளிடம் சொல்லப்போகிறேன்.