ஓடையோரப் பரணுக்கு முறை போட்டோம்

அப்பாவுக்குக் கதிர் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி இப்போது தேவலையா? போனில் சொன்னால் பாதிதான் உங்கள் காதில் விழுகிறது. இந்தச் சேதி முழுதாக வந்து சேரவேண்டும் என்றுதான் காகிதம் எடுத்தேன்.

இங்கே டெக்சஸில் மான் வேட்டைக்குச் சட்டப்படி அனுமதி உண்டு. அதற்காக ஆறு பேர் சேர்ந்து ஒரு பண்ணையைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். மேலே உட்கார்ந்து சுட அங்கங்கே பரண் கட்டியிருக்கிறது; ஓடையோரப் பரணுக்குத்தான் மான் நன்றாக வரும். எங்களில் டிராவிஸ் என்பவர் வருஷா வருஷம் முந்திக்கொண்டு அதில் ஏறிவிடுவார். சண்டை முற்றி, குத்தகையே முறிகிற நிலை. நான் நம் கூட்டுக்கிணற்றில் தண்ணீருக்கு முறை போடுகிற வழக்கத்தைச் சொன்னேன்: வாரம் ஒருவருக்கு அந்தப் பரண், முறை போட்டவனுக்குக் கடைசி வாரம்.

"கடைசி வாரம் உனக்கா?" என்று கேட்ட டிராவிஸ், முதல் ஆளாகச் சரி என்று தலையாட்டினார். இப்போது எல்லோரும் "ஹூஸ் முறை?" என்று, யார் முறை என்பதை நம் சொல்லைக் கலந்தே கேட்டுக்கொண்டுதான் வண்டியை விட்டே இறங்குகிறார்கள்!

இந்த வாரம் என் முறை. மான் மிச்சமிருக்காது என்று கேலி செய்தார்கள். இன்று பெரிய கொம்போடு ஓர் ஆண் மான் வந்து நின்றது. ஒரே குண்டில் சாய்ந்தது! டிராவிஸ்தான் முதலில் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். பரணை விட்டு இறங்கியபோது ஏணி லேசாக வழுக்கியிருந்தது, சிராய்ப்புதான். அம்மாவிடம் துப்பாக்கி, ஏணி இரண்டையும் சொல்லவேண்டாம்.

அம்மா அரைக்கிற கறி மசால் ஒரு கிலோ உடனே அனுப்பச் சொல்லுங்கள். ஒற்றை ஆளுக்கு எதற்கு என்று கேட்பார். மற்ற ஐந்து பேரையும் என் வீட்டுக்கு மான் கறி சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். நான் குடிவந்த நாளிலிருந்து என் வாசலில் என் செருப்பு மட்டும்தான் கிடக்கிறது.

அவசரமாக முடிக்கிறேன்,
கதிர்