சோணை இல்லாத காது

4-1-83, செவ்வாய்

மில்லில் இவருக்குக் கொடுத்த டைரி. "பேசுனாத்தானே வலிக்குது, எழுது" என்று என் மடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மூணாம் வகுப்போடு நின்றவள் நான். பரவைச் சந்தையில் என் வாய்க்குப் பயந்தே கத்தரிக்காயை விலை குறைத்த ஆட்கள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என்னால்தான் முடியவில்லை.

இடது கன்னம். பேசினால், மென்றால், காற்றுப் பட்டால்கூட கரண்டு கம்பியை வைத்து இழுத்த மாதிரி. ஒன்றரை வருஷமாக. பல்வலி என்று நினைத்து நாலு நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு என்றார்கள். மாத்திரை தின்றால் பாதி வலி போகிறது, மீதி நாள் தலை சுற்றுகிறது.

7-1-83

இன்று பதினோரு தடவை. எண்ணுவதை விட்டுவிட்டேன்.

11-1-83, செவ்வாய்

நாத்தனார் அழகம்மாள் ஆரப்பாளையத்துக்குக் கூட்டிப் போனாள். ஒரு லாட்ஜ் மாடியில் செவ்வாய்க்குச் செவ்வாய் பாகீரதி என்று ஒரு டாக்டரம்மா காதில் ஊசி குத்துகிறார். இங்கிலீஷ் வைத்தியம் படித்தவர்தான், இதைக் கொழும்புக்குப் போய்ப் படித்தாராம்.

சுவரில் பெரிய காதுப் படம். அதற்குள் ஒரு பிள்ளை தலைகீழாகக் கிடக்கிறது. "காதும் அப்படித்தாம்மா. வயித்துல பிள்ளை கிடக்கிற மாதிரி. கீழே சோணைதான் தலை. முகம், பல், கண் எல்லாத்துக்கும் ஊசி குத்தற இடம் அங்கதான் இருக்கு" என்றார். பிறகு என் காதைத் தொட்டுப் பார்த்தார். இன்னொரு காதையும் பார்த்தார்.

சோணை எங்கே இருக்கிறது? சின்னதில் தண்டட்டி போட்டுத் தோள்வரை தொங்கின காது. கல்யாணத்துக்கு முந்தி உசிலம்பட்டி கம்பவுண்டர் அறுத்துத் தைத்ததில் மொச்சைக்கொட்டை அளவுக்குத் தழும்புதான் மிச்சம்.

"அப்ப எம்புள்ளைக்குத் தலையே இல்லையா டாக்டரம்மா?" என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் வெட்டி இழுத்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

அழகம்மாள் இன்னும் தண்டட்டி போட்டிருப்பவள். "எங்காதுல குத்துங்களேன், எம்புட்டு இடம் கெடக்கு!" என்றாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

"மிச்ச இடத்துல போடறேன். மாத்திரைக்கு இது ஒரு துணை, அவ்வளவுதான். மாத்திரையை நிறுத்திடாதீங்க. சோணை இருந்திருந்தாலும் தீரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். காதுக்கு அஞ்சாக ரெண்டிலும் ஊசி. இருபது நிமிஷம். எறும்பு கடித்த மாதிரி இருந்தது. தூக்கம் வந்தது.

14-1-83

பொங்கல். வாயில் வைக்கவில்லை.

25-1-83, செவ்வாய்

மூன்றாவது ஊசி. ராத்திரி கொஞ்சம் தூங்குகிறேன். வலி அப்படியே.

கொல்லைக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது அடிவரைக்கும் பார்த்தேன். ஏன் அம்புட்டு நேரம் பார்த்தேன்? இனிமேல் அவரே இறைக்கட்டும்.

28-1-83

அழகம்மாள் வந்து அண்ணனிடம் ஒப்பித்துவிட்டுப் போயிருக்கிறாள். "மதினிக்குக் காது இல்லாததுனாலதான் ஊசி புடிக்கலையாம்ணே. அன்னிக்கு நீ ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருந்தா..." டாக்டரம்மா சொன்னதில் பின்பாதியை இவள் காதிலேயே வாங்கவில்லை. அம்புட்டுப் பெரிய காதை வைத்துக்கொண்டு!

அவர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

3-2-83

அவரும் இப்போது கஞ்சிதான். என்னைப் போலவே தலையைச் சாய்த்து உறிஞ்சுகிறார். "மெல்லு மாமா, உனக்கென்ன கேடு" என்று எழுதிக் காட்டினேன். ராத்திரி விழித்துப் பார்த்தால் என் காதுப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்.

ஐயோ, நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்.

8-2-83, செவ்வாய்

ஊசி போட்டுக்கொண்டே டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். நேற்று என் வீட்டுக்காரர் டாக்டரம்மா வீட்டையே தேடிக் கண்டுபிடித்துப் போனாராம். "எங்காதுச் சதையை அறுத்து அவளுக்கு வச்சுத் தைக்க முடியுமாம்மா? நான் சொல்லித்தான் அறுத்தா" என்று கேட்டாராம். முடியாது என்றதும் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

காதில் ஊசியோடு அழுதேன். அழுதால் இன்னும் வலிக்கும். அழுதேன்.

இதை இங்கேயாவது எழுதுகிறேன். பெண் பார்க்க வந்த அன்று அவர் சொன்னது ஒரே வார்த்தை: "தண்டட்டி பெருசா இருக்கு." அம்புட்டுத்தான். கம்பவுண்டரிடம் நான் அதற்கு முந்தியே நாள் குறித்தாகிவிட்டது. டவுன் பொம்பளைகள் மாதிரி சின்னத் தோடு போட எனக்குத்தான் ஆசை. கல்யாணத்துக்கு அப்புறம் விளையாட்டுக்கு, "உன் ஒத்தச் சொல்லுக்குக் காதையே அறுத்துக்கிட்டு வந்தவ நான்" என்றேன். அவர் முகம் போன போக்கு எனக்குப் பிடித்துப் போயிற்று. இருபத்தாறு வருஷம் சொன்னேன். சேலை வேண்டுமா, காது. சினிமாவா, காது. சந்தையில் நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். உள்ளே எங்கே வைத்திருந்தாரோ.

9-2-83

சொல்லிவிட்டேன். எழுதிக் காட்டவில்லை. இதையாவது வாயால் சொல்ல வேண்டாமா? நாலு வாக்கியம், நாலு தடவை வெட்டியது. அவர் முழுவதையும் கேட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டார். இன்று அவருக்கு லீவு.

12-2-83

பேச்சில்லை. ஆனால் நேற்றிலிருந்து சோறு தின்கிறார், முருங்கைக்காயைச் சக்கையாக மென்று. என் முன்னால் உட்கார்ந்துதான்.

15-2-83, செவ்வாய்

ஊசி இனி வேண்டாம் என்றிருந்தேன். காலையில் பார்த்தால் வெள்ளை வேட்டி கட்டி நிற்கிறார். "கெளம்பு. பஸ் போயிரும்." ஒரு வாரத்தில் முதல் பேச்சு.

டாக்டரம்மா "எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டார். இவர் முந்திக்கொண்டார். "வலி அப்படியேதாம்மா இருக்கு. தூக்கம் பரவால்ல. அப்புறம், அந்தக் காது... அவளே அறுத்துக்கிட்டது. நான் சொல்லி இல்ல."

டாக்டரம்மா ஊசியைக் கையில் வைத்தபடி எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தார். "சரி" என்றார்.

எனக்குப் பக்கத்தில் முடக்குவாதத்துக்கு ஊசி போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் இருந்தார். இவர் அவர் பக்கம் திரும்பினார். "அண்ணே, இவ காதைப் பாத்தீகளா? இவளே அறுத்துக்கிட்டது." பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கன்னத்தில் இழுத்த இழுப்பில் கண் இருட்டிவிட்டது. கையை நீட்டினேன், இவர் பிடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா மாத்திரையை ஒன்று கூட்டி எழுதிக் கொடுத்திருக்கிறார். நாளைக்கும் வலிக்கும். எனக்குத் தெரியும்.

பரவை பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்டார். இவர், "பரவை ரெண்டு" என்றார். கண்டக்டர் கிழித்துக் கொடுத்துவிட்டு நகரப் பார்த்தார். இவர் அவருடைய பையைப் பிடித்து நிறுத்தி அவரிடமும் அதையே சொன்னார்.