பவளத்தின் இடக்கை

என் தங்கமான அக்காவுக்கு,

நீ போய் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. கிள்ளானில் விடாத மழை. உன் பழைய வார இதழ் முதலாளி நேற்று பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு பை நிறைய ஆப்பிளோடு வீட்டுக்கு வந்தார். துக்கம் விசாரிக்கத்தான் என்று நினைத்தேன். பாதித் தேநீர் இறங்கியதும் விஷயம் வெளியே வந்தது. உன் சித்திரக்கதை நாயகி 'பறக்கும் பவள'த்தை வேறோர் ஓவியரை வைத்து, புது உடுப்பில் கொண்டுவரப் போகிறாராம். நான் சம்மதிக்க வேண்டுமாம்.

அந்த மனிதருக்குப் பவளத்தின் உடுப்பைத் தவிர வேறு எதில் அக்கறை இருந்தது? எண்பதுகளில் நீ முதன்முதலாக வரைந்த பவளம், தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலை பஸ்ஸில் உன்னோடு வந்த பெண்களைப் போலத்தான் இருந்தாள். முழுக்கால்சட்டை, ரப்பர் சப்பாத்து, கழுத்தில் முடிந்த துவாலை. அவள் பறந்தால் துவாலை முதுகுக்குப் பின்னால் படபடக்கும். முதலாளி கேட்டாரே, நினைவிருக்கிறதா?

"என்னம்மா இது, முந்தானை பின்னால பறக்குது? பொம்பளப் பிள்ளைக்கு முன்னாலதான வரணும்!"

துவாலைக்கும் முந்தானைக்கும் வித்தியாசம் தெரியாத மகாமேதை! அடுத்த வாரமே பவளம் சேலைக்கு மாறினாள். நீ மட்டும் லேசுப்பட்டவளா? அன்றிலிருந்து அவள் இடக்கையால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் மட்டும் திருடர்களை அடித்தாள். ஊரே சிரித்தது. முதலாளிக்கு மட்டும் கடைசிவரை புரியவில்லை. "அடக்கமா அடிக்கிறா" என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

விற்பனை சரிந்ததும் அந்த அடக்கமும் சரிந்தது. இடுப்பு தெரிய வேண்டும், சேலைக்குப் பதில் பாவாடை, அதுவும் முழங்காலுக்கு மேலே ஏற வேண்டும் என்றார். மேடையில் பண்பாடு, பண்பாடு என்று தொண்டை கிழியக் கத்திய அதே வாய்தான். நீ பேனாவை மூடிவைத்துவிட்டாய். அதற்கப்புறம் ஒருநாளாவது உனக்கு அவளை வரையக் கை துடித்ததா, அக்கா?

நேற்று புதுப் படத்தைக் காட்டினார். அவள் உடம்பிலிருந்த துணி ஒரு கைக்குட்டைக்குக்கூடப் போதாது.

"மாடர்ன் லா, சிஸ்டர். அக்கா ஆத்மா சந்தோஷப்படும்."

"முதல்ல நீங்க இதப் போட்டுக்கிட்டு அந்த நாற்காலியில இருந்து குதிங்க, பாஸ். அப்புறம் பேசலாம்."

ஆப்பிள் பையையும் கையில் கொடுத்து அனுப்பினேன். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டு போனார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாழ்நாளெல்லாம் கால்சட்டையில் திரிந்த உனக்கு, கடைசிப் பயணத்துக்கு அத்தை பட்டுச்சேலை கட்டி, முந்தானையை இழுத்துவிட்டு, உன் இடக்கையை அதன்மேல் வைத்துவிட்டார். பெட்டியை மூடுமுன் அந்தக் கையை முந்தானையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் நீட்டி வைத்தேன். அத்தை முறைத்தார். முறைக்கட்டும்.

பவளத்தை யாருக்கும் தர மாட்டேன், அக்கா. அவள் மறுபடி பறப்பதென்றால் உன் கால்சட்டையில், இரண்டு கையையும் வீசிக்கொண்டுதான் பறப்பாள்.

அடக்கமில்லாத உன் தங்கை,
செல்வி