அண்ணனின் ஒன்பதரை விரல்கள்

என் பிரியமுள்ள அண்ணாவுக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நீங்கள் போய் ஒரு வருஷம். காதர்பேட்டைக்குப் பக்கத்து மண்டபத்தில் நினைவுக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். உங்கள் விபத்துகளைத் தொகுத்து ஒரு சின்னப் புத்தகமும் வருகிறது. எழுத்தாளர் அடிபட்டதற்கெல்லாம் புத்தகம் போடுகிற ஊர் நம் ஊராகத்தான் இருக்கும்!

எனக்கு முன்னாலேயே படிக்கக் கொடுத்தார்கள். பொன்னாடை போர்த்த வந்தவருக்கு வழிவிடப் பின்னால் நகர்ந்து மேடையிலிருந்து விழுந்தது, விருதாகக் கிடைத்த வெண்கலச் சிலையைக் கால்மேல் போட்டுக்கொண்டது, போட்டோவுக்காக ஆட்டுக்குட்டியைத் தூக்கித் தாயாட்டிடம் முட்டு வாங்கியது, எல்லாம் இருக்கிறது. விழுந்து விழுந்து சிரித்தேன். முதல் பக்கத்தை மட்டும் கடைசியில்தான் படித்தேன். பயம்.

அதில் நீங்கள் மேடைக்கு மேடை சொன்னதுதான். நம் பனியன் கம்பெனியில் துணி வெட்டும்போது, கதை யோசனையில் மிஷினில் கைவிட்டு ஆள்காட்டி விரலில் பாதி போனது. 'இலக்கியத்துக்கு விரல் தந்தவர்' என்று தலைப்பு வேறு.

நடந்தது நம் இரண்டு பேருக்குத்தானே தெரியும்? அன்றைக்குக் கரண்ட் போயிருந்தது. சுவிட்சை அணைக்காமலே பிளேடில் சிக்கிய துணியை எடுத்துக்கொண்டிருந்தீர்கள். அப்போது எல்லாரும் அப்படித்தான். ஜெனரேட்டர் லைனைப் போடுகிறவர் "கைய எடுத்துக்குங்க!" என்று சத்தம் கொடுத்துவிட்டுத்தான் லீவரை இழுப்பார் என்கிற தைரியம். நான் ஆபீஸ் அறையில் உங்கள் கதை நோட்டைத் திருட்டுத்தனமாகப் படித்துக்கொண்டிருந்தேன். பாதியில் இருட்டிவிட்டது. மீதியைப் படிக்கிற அவசரத்தில், சத்தம் கொடுக்காமல் லீவரை இழுத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற காரில், கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு என்ன சொன்னீர்கள்? "அம்மிணி, நீ வாயவே தொறக்காத. அப்பாவுக்குத் தெரிஞ்சா உன்னைய ஊட்ட உட்டு வெளிய உடமாட்டாரு. நாந்தான் ரோசனையில இருந்துட்டேன்னு சொல்லிக்கறேன்."

அன்றிலிருந்து நீங்கள் ஊருக்கெல்லாம் மறதிக்காரர். அண்ணிகூட நம்பிவிட்டார். காய் நறுக்கக்கூட உங்கள் கையில் கத்தி கொடுக்கமாட்டார். ஒரு நாளாவது என்மேல் கோபம் வந்ததா அண்ணா? கேட்க எனக்குத் துணிச்சல் வரவே இல்லை.

இப்போது கம்பெனியை நடத்துவது நான்தான். போன வாரம், புதிதாகச் சேர்ந்த கட்டிங் மாஸ்டர் சுவிட்சை அணைக்காமல் பிளேடைத் துடைத்தார். சத்தம் போட்டேன்.

"ஐயாவுக்குக் கதை நெனப்புலதானுங்க விரல் போச்சு? எனக்கு அந்த மாதிரி நெனப்பெல்லாம் இல்லீங்கக்கா" என்று சிரித்தார்.

என்னைக் காப்பாற்ற நீங்கள் சொன்ன பொய், இன்னொருவர் கையைக் காவு வாங்கப் பார்க்கிறது.

உங்கள் பேச்சை மீறப்போகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஆட்கள் அத்தனை பேரையும் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைப்பேன். மைக்கைப் பிடித்து, லீவரை இழுத்தது நான்தான் என்று சொல்லுவேன். சொல்லிவிட்டு இறங்கி வந்து அண்ணியின் முகத்தைப் பார்க்கவேண்டும். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லுவேன் அண்ணா, சத்தியம்.

உங்கள் விரலைப் போக்கிய தங்கச்சி,
அம்மிணி